மறைத்த உண்மையும் மறுக்கப்பட்ட உண்மையும்

ஒருவர் மற்றொருவராக நடித்துப் பிறரை நம்பவைப்பதை ஆள்மாறாட்டம் என்பர். அதனைக் கருவாகக் கொண்ட தமிழ்த் திரைப்படங்களுள் 1964ஆம் ஆண்டு வெளிவந்த ‘புதிய பறவை’ தனியிடம் பெற்றது. தாதா மிராசி இயக்கிய இப்படத்தில் சிவாஜி கணேசன், சரோஜாதேவி, சௌகார் ஜானகி, எம்.ஆர்.ராதா ஆகியோர் நடித்தனர். நடிப்பிற்காகவும் விசுவநாதன் – இராமமூர்த்தி இசையமைத்த பாடல்களுக்காகவும் இன்றும் இப்படம் போற்றப்படுகிறது. ஆயினும், அது எழுப்பும் வினாவே அவற்றினும் சிறந்தது. உண்மையைச் சொல்லும் ஒருவனை உலகம் ஏன் நம்ப மறுக்கிறது என்பதே அவ்வினா.

இக்கதை நெடுந்தொலைவு பயணம் செய்து தமிழுக்கு வந்தது. 1958இல் வெளிவந்த ‘சேஸ் எ குரூக்கட் ஷேடோ’ என்னும் பிரித்தானியத் திரைப்படத்தில், ஸ்பெயின் நாட்டில் வாழும் ஒரு பெண்ணிடம், இறந்துபோன அவளுடைய உடன்பிறந்தவன் தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் வருகிறான். அக்கதையின் தாக்கத்தால், உத்தம் குமார் நடித்த ‘சேஷ் அங்கோ’ 1963இல் வங்காளத்தில் உருவாயிற்று. மறு ஆண்டே அது தமிழ் பேசியது. மொழியும் ஊரும் உறவும் மாறின. கதையின் உயிர் மாறவில்லை.

செல்வந்தனான கோபால் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் திரும்பும்போது லதாவைச் சந்திக்கிறான். உதகையிலுள்ள அவனது மாளிகையில் இருவரிடையே அன்பு வளர்கிறது. தன் மனைவி சித்ரா இருப்புப்பாதையில் உயிரை மாய்த்துக்கொண்டதாக அவன் லதாவிடம் கூறியிருக்கிறான். இருவருக்கும் திருமணம் கைகூடும் வேளையில், “நானே சித்ரா” என்று ஒரு பெண் மாளிகைக்குள் வருகிறாள். மாமன் என்று ஒருவனும் உடன் வருகிறான். அவள் தன் மனைவி அல்லள் என்று கோபால் கதறுகிறான். அவன் காட்டும் மறுப்புகள் ஒவ்வொன்றும் வலுவிழக்கின்றன. இறுதியில் வேறு வழியின்றி, சித்ரா எவ்வாறு இறந்தாள் என்பதை அவனே சொல்லிவிடுகிறான். சினத்தில் அவன் அறைந்த அறையால், இதயம் நலிந்திருந்த அவள் உயிர்நீத்தாள். அஞ்சிய அவன் அவளுடலை இருப்புப்பாதையில் கிடத்தித் தற்கொலையாகக் காட்டினான். அப்பொழுதுதான், வந்தவள் சித்ராவாக நடித்தவள் என்பதும், லதாவே காவல்துறையைச் சேர்ந்தவள் என்பதும் வெளிப்படுகின்றன.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க ஒன்று உண்டு. “இவள் என் மனைவி அல்லள்” என்று கோபால் சொன்னது முழு உண்மை. ஆனால், அவ்வுண்மையை மெய்ப்பிக்கும் சான்று, அவன் முன்னர்ச் சொன்ன பொய்யின் அடியில் புதைந்து கிடந்தது. அதைத் தோண்டி எடுத்தால் அவனது குற்றமும் உடன் வெளிவரும். ஆகவே, தன் பக்கம் உண்மை இருந்தும் அதனைப் பயன்படுத்த இயலாதவன் ஆனான். பொய் சொல்பவனைப் பிறர் நம்பமாட்டார்கள் என்பது அனைவரும் அறிந்த அறிவுரை. பொய் சொன்னவன் தன் உண்மையையும் தானே பூட்டி வைத்துவிடுகிறான் என்பது இப்படம் உணர்த்தும் பாடம்.

கொல்லும் எண்ணத்தோடு செய்த கொலையையும் எண்ணாமல் நேர்ந்த மரணத்தையும் சட்டம் ஒன்றாகக் கருதுவதில்லை. நிகழ்ந்ததை அன்றே கூறியிருந்தால், கோபாலின் வாழ்வு வேறு வகையில் அமைந்திருக்கக்கூடும். மனைவியை அறைந்தது குற்றமே. ஆனால், அவனை மீளவொட்டாமல் செய்தது மறைப்பு.

உண்மையை வெளிக்கொணரக் காவல்துறை பொய் வேடம் புனைந்தது முறையா என்று சிலர் வினவலாம். வேறு சான்று இல்லாதபோது இத்தகைய சூழ்ச்சி தேவை என்பர் ஒரு சாரார். அவர்கள் கூற்றிலும் பொருள் உண்டு.  எனினும், காவல்துறையினரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டமே வரையறுத்தது. ஒப்புதல் எவ்வழியில் பெறப்பட்டது என்பதும் நீதியின் ஒரு கூறு என்பதே அதன் கருத்து. வேடத்தைக்கூட ஏற்கலாம், அன்பைக் கருவியாக்கியதை ஏற்பது அரிது. நடிக்க வந்த லதா, தான் உண்மையாகவே கோபாலை விரும்பியதாக இறுதியில் கூறுகிறாள். அவளது சொல்லும் உண்மையே. அதனையும் அவன் எளிதில் நம்ப இயலாது. கோபாலுக்கு நேர்ந்த நிலையே அவளுக்கும் நேர்கிறது.

குற்றத்தை மறைக்கச் சொன்னாலும் நீதிக்காகச் சொன்னாலும், பொய் தன் விலையைப் பெறாமல் விடுவதில்லை. திகிலுக்காகப் பார்க்கத் தொடங்கும் இப்படத்தை இக்கருத்திற்காக மீண்டும் ஒருமுறை பார்க்கலாம்.

அருஞ்சொற்பொருள்
கரு – கதையின் மையக் கருத்து
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் தண்டவாளம்
மெய்ப்பித்தல் – உண்மை என நிறுவுதல்
ஒரு சாரார் – ஒரு பிரிவினர்

சிந்தித்து எழுதுக
1. கோபால் சொன்ன உண்மையை எவரும் நம்பாதது ஏன்?
2. லதாவின் நிலை கோபாலின் நிலையை எவ்வாறு ஒத்திருக்கிறது?
3. நீதிக்காகப் பொய் வேடம் புனைவது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.