தீபாவளிக்கு எந்தப் படம்? பாட்டியையும் கேட்டுட்டு டிக்கெட் எடுங்க

 

2025இல் தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூணு நாள் லீவு. தமிழ்நாட்டுல 17ஆம் தேதியே புதுப்படங்கள் வருது. அதனால கோயில் தொண்டூழியர் வாட்ஸ்அப் குழுவுல சேவைக்குப் பேர் கொடுக்கிற செய்தியும் பட டிரெய்லரும் மாறி மாறி வந்துக்கிட்டிருக்கு.

கோயில் பக்கத்தில் சினிமாப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, கோயில், பலகாரம், அப்புறம் ஒரு படம். நம்மவர்கள் தீபாவளி பல தலைமுறையாக இப்படித்தான். 1944 தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூணு தீபாவளியைக் கண்டது. பெற்றவர்களை உதறிய மகன், அவர்களுக்குச் செய்யும் தொண்டே பெருந்தொண்டு என்று உணர்ந்து திருந்தும் கதை அது. பின்னாடி ஏ.பி. நாகராஜன் ‘திருவிளையாடல்’ (1965), ‘திருவருட்செல்வர்’ (1967) எடுத்தார். நம்மில் எத்தனை பேருக்குத் தருமியும் அப்பரும் முதலில் அறிமுகமானது திரையில்தான்!

ஆகவே படம் பார்க்கலாமா கூடாதா என்பது எங்கள் கேள்வியே இல்லை. யாரோடு பார்க்கப் போறோம்? அதுதான் கேள்வி.

இப்ப நடக்கிறது என்ன? பிள்ளைங்க கைப்பேசியில நண்பர்களோட முதல் காட்சிக்கு டிக்கெட் எடுத்துடுறாங்க. அப்பா, அம்மா வேறொரு நாள் இரவுக் காட்சிக்குப் போறாங்க. தாத்தா, பாட்டி வீட்ல டிவி முன்னாடி. ஒரே வீட்டுக்குள்ள மூணு தீபாவளி! எங்களோடு காய் நறுக்க வரும் பாட்டிமார்களிடம் தியேட்டர்ல கடைசியா என்ன படம் பார்த்தீங்கன்னு கேட்டா, மெக்கன்சி ரோடு ரெக்ஸ்ல பார்த்ததைச் சொல்றாங்க. அதுக்கப்புறம் யாரும் கூப்பிடலையான்னு கேட்டா, “அவங்களுக்கு வேலை இருக்கும்பா”ன்னு பிள்ளைங்களுக்காகவே பரிஞ்சு பேசுறாங்க.

சரி, இந்தத் தடவை என்னென்ன வருது? பிரதீப் ரங்கநாதன், மமிதா பைஜு நடிக்கும் ‘டியூட்’. மாரி செல்வராஜ் இயக்கத்தில் துருவ் விக்ரமின் ‘பைசன்’. ஹரிஷ் கல்யாணின் ‘டீசல்’. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லையேன்னு சிலருக்கு வருத்தம். ரஜினியின் ‘கூலி’ ஆகஸ்டிலேயே வந்துட்டுப் போயிடுச்சு. தீபாவளிக்கு வரும்னு பேசப்பட்ட சூர்யாவின் ‘கருப்பு’ம் இந்த வரிசையில் இல்லை.

எங்களுக்கு இதில் வருத்தமே இல்லை. முதல் நாள் முதல் காட்சி வெறி இல்லாத தீபாவளி நிதானமா யோசிச்சு முடிவெடுக்க வசதி. இளையர்களுக்கு ‘டியூட்’ பிடிக்கலாம். ‘பைசன்’, அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையால் உந்தப்பட்ட கதை என்கிறார்கள். விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச நல்ல விஷயம். ஆனா மாரி செல்வராஜ் படத்துல ரத்தமும் வலியும் இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு யோசிக்கணும். 2ஆம் தேதி வந்த கன்னடப் படம் ‘காந்தாரா: சாப்டர் 1’ துளு நாட்டுக் காவல் தெய்வத்தைப் பற்றியது. காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரனைக் கும்பிடுற நமக்குக் காவல் தெய்வம்னா என்னன்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். வீட்டுப் பெரியவங்க ஊர்த் தெய்வத்தைப் பத்திப் பேச அது ஒரு சாக்கு.

இன்னொரு விஷயம் கவனிக்கணும். இந்தியாவில் ‘யுஏ’ சான்றிதழ் வாங்கின படத்துக்குப் பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகள் போகலாம். இங்கே அதே படத்துக்கு ஐஎம்டிஏ என்சி16 கொடுத்துட்டா, 16 வயசுக்குக் கீழே யாரையும் விடமாட்டாங்க, அப்பா, அம்மா கூடவே நின்னாலும் சரி. பிஜி13 என்றால் அறிவுரை மட்டும்தான், தடை இல்லை. தீபாவளிப் புதுச்சட்டை போட்ட பிள்ளை தியேட்டர் வாசல்ல அழுதுக்கிட்டுத் திரும்பக் கூடாது. பணம் கட்டுறதுக்கு முன்னாடி தரம் என்னன்னு பாருங்க.

அரங்குகளும் குறைஞ்சுக்கிட்டே வருது. ஆகஸ்டில் ‘தி புரொஜெக்டர்’ மூடியது. 1939இல் டோபி காட்டில் திரையரங்கு திறந்த கேத்தே, செப்டம்பர் முதல் தேதியோடு மிச்சமிருந்த அரங்குகளையும் மூடிவிட்டது. வீட்டுத் திரையில் எல்லாம் கிடைக்கும் காலத்தில் அரங்குக்கு ஏன் போகணும்னு கேட்கிறாங்க. நூறு பேரோட சேர்ந்து சிரிக்கிறதும் கண் கலங்குறதும் வீட்டு சோபாவில் கிடைக்காது. வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடலாம், ஆனாலும் நாம கோயிலுக்கு ஏன் வர்றோம்? அதே காரணம்தான்.

அன்பர்களிடம் நாங்கள் கேட்பது மூணே மூணு.

1. வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கக்கூடிய ஒரு படத்தைத் தேர்ந்தெடுங்க. நடிகரைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க.

2. தாத்தா, பாட்டிக்கு மதியக் காட்சி வசதி. படி ஏற முடியாதவங்களுக்கு ஏத்த இருக்கை இருக்கான்னு முதல்லயே கேட்டுக்குங்க. வாகனத்துக்கு ஆகிற செலவைப் பெரிசா நினைக்காதீங்க.

3. தம்பி, தங்கைகளா, சேவைக்குப் பேர் கொடுத்த நேரத்துல டிக்கெட் எடுக்காதீங்க. படம் மறுநாளும் ஓடும். தீபாவளிக் காலையில் வரிசையில் நிற்கும் பெரியவங்களுக்கு அன்னைக்குத்தான் உங்க கை தேவை.

நண்பர்களோட ஒரு படம் போங்க, வேண்டாம்னு சொல்லலை. ரெண்டாவது படமாவது குடும்பத்தோட இருக்கட்டும். பாட்டிக்குக் கதை பாதி புரியாம போகலாம், பாட்டு இரைச்சலா இருக்கலாம். பேரப்பிள்ளை பக்கத்துல உட்கார்ந்திருக்கிறதே அவங்களுக்குப் போதும்.

22ஆம் தேதி கந்த சஷ்டி விரதம் தொடங்குது, 27ஆம் தேதி சூரசம்ஹாரம். படம் பார்த்த தெம்போட சேவைக்கு வாங்க.

எல்லாருக்கும் இனிய தீபாவளி. ஓம் சரவணபவ.