முதியோரும் தம் இல்லமும்

அண்ணாமலையின் அடிவாரத்தில் முதியோர் பலர் தனித்து வாழ்கின்றனர். பணி ஓய்வு பெற்றபின் வெளியூர்களினின்றும் வந்து, செங்கம் சாலையை ஒட்டிய தெருக்களில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியவர்களும் அவர்களுள் உளர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை முழுதும் சுற்ற இயலாதவர் ஏதேனும் ஒரு லிங்கத்தின் வாயில்வரை சென்று திரும்புவர். பின் தம் அடுப்பைத் தாமே மூட்டுவர். இவர்களைக் கண்டு, "பாவம், பிள்ளைகள் கைவிட்டனர் போலும்!" என்று இரங்குவார் உண்டு. கைவிடப்பட்டோரும் அவ்வூரில் இல்லாமல் இல்லை. ஆயினும் எல்லாரையும் அவ்வாறே எண்ணுதல் பிழையாகும். தம் வாழ்வைத் தாமே நடத்துதல் முதுமையிலும் இன்பம் தருவதன்றோ?

இதற்கு அவ்வூர் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. இரமண மகரிஷியின் அன்னையார் அழகம்மாள் 1892-இல் கணவரை இழந்தவர். 1898-இல் திருவண்ணாமலைக்கு வந்து, துறவு பூண்ட மகனை வீட்டிற்கு அழைத்தார், மகன் இசையவில்லை. பின்னர் 1916-இல் மகனிடமே வந்து தங்கினார். மலைமேல் இருந்தோர் அதுவரை அடியார் கொணர்ந்ததையும் பிச்சையாகப் பெற்றதையும் உண்டு வந்தனர். அன்னையாரோ கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். பிறர் இடும் சோற்றுக்காக ஒரு மூலையில் காத்திருக்க அவர் உடன்படவில்லை. 1922-ஆம் ஆண்டு மே மாதத்தில் நோய் முற்றியபோது மகன் அருகிருந்து அகலவில்லை. மலையடியில் அமைந்த அவர் சமாதியைச் சூழ்ந்தே இன்றைய இரமணாசிரமம் வளர்ந்தது.

இயன்றவரை தம் வேலை, இயலாதபோது பிறர் துணை: அழகம்மாளுக்கு இவ்விரண்டும் கிடைத்தன. நம் வீடுகளிலோ துணையைக் கொடுக்கும்போதே வேலையைப் பறித்துவிடுகின்றனர். அன்புமிக்க பிள்ளைகளே இதைச் செய்கின்றனர். "நீங்கள் சும்மா இருங்கள், அம்மா" என்று கரண்டியை வாங்கி வைத்துவிடுவர். சில ஆண்டுகளில் அக்கை உண்மையாகவே வலுவிழக்கும். கீழே விழுந்துவிடுவாரோ என்னும் அச்சம் பொருளற்றதன்று. அதற்குக் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, இரவில் எரியும் ஒரு சிறு விளக்கு ஆகியவை வேண்டும். அடுப்படியை விட்டு விலக்குதல் அதற்கு மருந்தாகாது.

1987-இல் டென்மார்க்கு நாடு ஒரு சட்டம் இயற்றி, பழைய முறையிலான முதியோர் விடுதிகளைப் புதிதாகக் கட்டுவதை நிறுத்தியது. முதியோர்க்கேற்ற தனி வீடுகளையும் வீடு தேடிச் செல்லும் உதவியையும் பெருக்கியது. தமிழ்நாட்டிலும் இவ்வழியில் முயற்சிகள் எழுந்துள்ளன. நீரிழிவு, இரத்தக்கொதிப்பு ஆகியவற்றிற்கான மருந்தை வீட்டிற்கே கொண்டு சேர்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியது. முதியோர் இல்லத்திற்கே நியாயவிலைப் பொருள்களைக் கொண்டு தரும் தாயுமானவர் திட்டமும், பகலில் கூடியிருந்து மாலையில் வீடு திரும்பும் அன்புச்சோலை மையங்களும் 2025-இல் வந்தன. ஆதரவற்றோர்க்கு விடுதி வேண்டும். மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர்க்கு இடம் அமைக்க 2007-ஆம் ஆண்டின் சட்டம் வழிவகுக்கிறது. ஆனால் வீடும் உற்றாரும் உள்ளவர்க்கு அது முதல் வழியாதல் தகாது.

திருவண்ணாமலையில் அடியார்க்கென்று புதிய விடுதிகளும் வீடுகளும் எழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் தரைத்தளத்து அறைகளுள் ஒன்றிரண்டையேனும் முதியோர்க்கென ஒதுக்கலாம். செங்குத்தான வாயிற்படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளமும், பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் அமைக்க, மாடிமேல் மாடி எழுப்புவோர்க்குப் பெருஞ்செலவு ஆகப்போவதில்லை.