ஆட்டக்காரரின் மனச்சுமை

பினாங்கில் பிறந்து, 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் ஸ்குவாஷ் ஆட்டத்தில் உலகின் முதல் ஸ்தானத்தை வகித்த நிக்கோல் டேவிட்டின் பெயரைத் தாங்கி புக்கிட் டும்பாரில் நிற்கும் அரங்கினுள், கையில் மட்டையும் கண்களில் சொப்பனமுமாக நுழையும் சிறுவர் சிறுமியரைக் காணுந்தோறும், நமக்கு ஆனந்தத்தோடு ஒரு விசாரமும் உண்டாகிறது. முழங்கால் வீங்கினால் வைத்தியரைத் தேடி ஓடும் விளையாட்டுச் சங்கங்கள், மனம் சோர்ந்தால் பெரும்பாலும் ‘தைரியமாயிரு’ என்பதோடு நின்றுவிடுகின்றன. (இதைச் சொல்வதில் பெற்றோரும் சளைத்தவரல்லர்.) புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த மலேசியப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய், 2008, 2012, 2016 ஆகிய மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்களிலும் தங்கத்தை இழந்தபோது, ஒரு தேசத்தின் ஏக்கம் முழுவதையும் அவரொருவர் தோளில் ஏற்றிவைத்த நாம், அப்பாரம் எத்தகையதென்று விசாரித்தோமா?

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் போட்டியின் நடுவே விலகியது கோழைத்தனமன்று. அந்தரத்தில் சுழலுகையில் திசையுணர்வு தப்பினால் கழுத்தே முறியலாம் என்றறிந்த விவேகம்.

இத்தகைய மனச்சுமைக்குத் துணைநிற்க நம் தேசிய விளையாட்டுக் கழகத்தில் உளவியலாளர் உண்டு. ஆயினும் தேசிய அணியை எட்டாத இளைஞர்க்கும் அந்தத் துணை கிட்டுமாறு நம் மாநிலச் சங்கங்கள் ஏற்பாடு செய்யவேண்டும். உளவியலாளரிடம் சொல்வது தேர்வுக்குழுவின் செவிக்கு எட்டாத இரகசியமாக இருத்தலும் அவசியம். அச்சத்தைச் சொன்னால் அணியில் இடம் போய்விடுமென்று நினைக்கும் பதினேழு வயதுப் பிள்ளை, எந்தக் கதவையும் தட்டப்போவதில்லை.