நடுத்தரம் என்றால் யாருக்கு?

வழிகாட்டியோடு சைக்கிள் யாத்திரை நடத்துகிற கம்பெனிக்காரர்கள், தங்கள் சரக்கை மூன்று ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: சுலபம், நடுத்தரம், கடினம். யாருக்குச் சுலபம்? அதை மட்டும் சொல்வதில்லை. 'நாள் ஒன்றுக்கு 50 கிலோமீட்டர்' என்று ஒரு கணக்கைக் காட்டுவதோடு சரி.

தஞ்சைச் சமவெளியில் 50 கிலோமீட்டர் மிதித்தால், வெயிலைத் தவிர வேறு விரோதி கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகமண்டலமும் ஏறக்குறைய அதே 50 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் சுமார் 1,900 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். முழங்காலுக்குத் தெரிகிற இந்த வித்தியாசம் விளம்பரத் தாளுக்குத் தெரியாமல் போவானேன்?

தூரத்தைக் கேட்காதீர்கள், ஏற்றத்தைக் கேளுங்கள். தினம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும்? நடுவில் ஓய்வு நாள் உண்டா? களைத்தவரை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வண்டி வருமா? பதில் சொல்லாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.

வாங்குகிறவர்களையும் விட்டுவிடுவதற்கில்லை. 'சுலபம்' என்று எழுதிக் கொடுக்க அவர்கள் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. காலேஜ் நாளில் மிதித்த கால்களை நம்பி ஐம்பது வயதில் பெயர் கொடுக்கிறார்கள். இன்று 50 கிலோமீட்டர் மிதித்துவிட்டு, நாளைக் காலையிலும் ஸீட்டில் ஏறி உட்கார முடிகிறதா? உள்ளூரிலேயே செய்து பார்க்கக்கூடிய பரீட்சை இது. மூச்சிரைக்க வேனுக்குள் சாய்ந்துகொண்டு தேயிலைத் தோட்டம் பார்ப்பதைவிட, வாய்க்கால் கரையில் சைக்கிளை நிறுத்தி இளநீர் குடிப்பது எந்த விதத்தில் மட்டம்?