முள் சிவப்பைத் தொட்டால் வண்டியை நிறுத்துக

நம்மவரில் பலர் இங்கே ஒரு பழைய பிக்கப் வண்டியை நம்பி வாழ்கின்றனர். இட்லி மாவு, வாழையிலை, பூ, மளிகை என்று விடியுமுன் ஏற்றிச் செல்லும் அவ்வண்டியால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அத்தகைய அன்பர் ஒருவருக்குச் சென்ற கோடையில் நேர்ந்ததை, அவர் இசைவு பெற்று எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்லேன், ரயில்வே எழுத்தன். பட்டறையில் அவருடன் அமர்ந்து கேட்டறிந்தவையே இவை.

நாகபுரியில் மே மாத வெயில் 45 டிகிரியைத் தொடுவது புதுமையன்று. அன்று சரக்கு ஏற்றி வந்த அன்பர், சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கக் கண்டார். “இன்னும் ஆறு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினார், வந்தும் சேர்ந்தார். மறுநாள் காலை எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. ஹெட் கேஸ்கெட் எரிந்து, குளிர்விக்கும் நீர் எண்ணெயில் கலந்துவிட்டது. ஹெட்டும் வளைந்திருந்தது. மூன்று வாரம் வண்டி பட்டறையில் கிடந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று அவர்தம் துணைவியார் சேர்த்து வைத்த தொகை அங்கே கரைந்தது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. 1890களில் ருடால்ப் டீசல் வகுத்த முறைப்படி, காற்றை மிக நெருக்குவதால் எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. ஆகவே சூடு அதற்கு உயிர். மிஞ்சினால் அதுவே கூற்றுவன். மிஞ்சும் வெப்பத்தை வாங்கி ரேடியேட்டருக்குக் கொண்டு செல்வது குளிர்நீரின் வேலை. அவ்வழியில் எங்குத் தடை நேர்ந்தாலும் முள் ஏறும்.

வாரம் ஒருமுறை, எஞ்சின் நன்கு ஆறியிருக்கும் காலை வேளையில் ரேடியேட்டர் நீரைப் பாருங்கள். வெளியே கசிவின்றி நீர் குறைந்தாலும், வெண்புகை நில்லாமல் வந்தாலும் கேஸ்கெட்டை ஐயுறுக. பேன் பெல்ட்டில் தளர்ச்சியோ வெடிப்போ உண்டா, ரப்பர் குழாய்கள் உப்பியுள்ளனவா என்று தொட்டுப் பார்க்கவும். ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்த தூசியையும் பூச்சிகளையும் மெல்ல அகற்றுக. வெறும் குழாய்நீரை ஊற்றாதீர்கள். அதன் உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும். கூலண்ட்டை அதன் புட்டியில் குறித்துள்ள அளவில் காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றுவதே நன்று.

“வெயில் ஊரில் இது எதற்கு?” என்று சிலர் தெர்மாஸ்டாட்டைக் கழற்றி எறிவர். இது தவறு. உரிய சூட்டை எட்டாத எஞ்சின் டீசலை மிகுதியாகக் குடிக்கும். உள்ளுறுப்புகளும் விரைவில் தேயும். பழுதானால் புதியது மாட்டுக.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுக. மூடியை மட்டும் திறவாதீர்கள். உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் அடங்கி நிற்கிறது. மூடி நெகிழ்ந்த கணமே பீறிட்டு முகத்தையும் கையையும் பொசுக்கிவிடும். கொதிக்கும் எஞ்சினில் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, விரிசல் காணும். நன்கு ஆறும்வரை காத்திருங்கள். நீர் தங்காமல் ஒழுகினால், கட்டியிழுத்துச் செல்வதே சிக்கனம். இழுவைக் கூலி பெரிதாகத் தோன்றலாம். ஹெட்டைச் செப்பனிடும் கூலிக்கு முன் அது சிறிதே.

அன்பரின் வண்டி இப்போது ஓடுகிறது. கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினார். அக்கடன் இன்னும் தீரவில்லை. “ஆறு கிலோமீட்டரை மிச்சம் பிடிக்க நினைத்தேன், ஓராண்டு உழைப்பைத் தோற்றேன்” என்கிறார். அவர் பட்டது நமக்குப் பாடமாகுக.

அடுத்த இதழில் டீசல் வடிகட்டியை மாற்றுவது பற்றிக் காண்போம்.