சரக்கறைக்கு முன் ஒரு சந்தை

தொலைக்காட்சிச் சமையல் போட்டிகளில் கடிகாரம் ஓடத் தொடங்கியதும் போட்டியாளர்கள் கூடையோடு சரக்கறைக்குள் ஓடுகிறார்கள். அங்கே எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன: வாடாத கீரை, கீறல் விழாத தக்காளி, ஒரே அளவில் அடுக்கிய கத்தரிக்காய், பனிக்கட்டிமேல் கிடத்திய மீன். எதன்மேலும் விலை எழுதப்பட்டிருப்பதில்லை. பார்வையாளர் அந்த ஓட்டத்தையே சமையலின் தொடக்கமாக எண்ணிக்கொள்கிறார். உண்மையில் சமையலின் முற்பாதி, படக்கருவியின் கண்ணுக்கு அப்பால், வேறு யாரோ ஒருவரால் அதற்கு முன்பே முடிக்கப்பட்டுவிட்டது. பொருளைத் தெரிந்து வாங்குதல் என்னும் அந்த முற்பாதியை நீக்கிவிட்டு, வீட்டுச் சமையலில் சிறந்தவர் யார் என்று தீர்ப்பளிப்பது பொருந்துமா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

1990இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தோன்றிய மாஸ்டர்செஃப், 2009இல் ஆஸ்திரேலியாவில் புதிய வடிவம் பெற்று, 2010இல் ஸ்டார் பிளஸ் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சரக்கறையும் கூடவே வந்தது. அதற்குச் சொல்லப்படக்கூடிய நியாயம் சமத்துவம்: எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே நேரம், வேறுபடுவது கைத்திறன் மட்டுமே. இந்த நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. எனினும் இதற்கு மாற்றும் உண்டு. 2006இல் தொடங்கிய அமெரிக்க நிகழ்ச்சியான டாப் செஃப், பல சுற்றுகளில் போட்டியாளர்களுக்கு ஒரு தொகையும் குறுகிய நேரமும் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறது. நினைத்த மீன் அங்கே இல்லையென்றால் சமைக்கும் திட்டமே மாறும். தொகை மீறினால் எடுத்த சிலவற்றைத் திரும்ப வைக்க நேரும். தவறாகத் தேர்ந்த பொருளின் விளைவு தட்டில் தெரியும். அதுவும் விளம்பரத் தொடர்புடைய பேரங்காடிதான். தரம் பிரித்து, விலை ஒட்டி வைத்த கடைதான். ஆயினும் வாங்குவதும் சமையலின் ஒரு பகுதி என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

இந்தியச் சந்தையில் வாங்குதல் இதைவிடக் கடினமான கலை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க வேண்டும். முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்க வேண்டும். தேங்காயைக் குலுக்கி நீரோசை கேட்க வேண்டும். மீனின் செவுளைத் திறந்து சிவப்பைக் காண வேண்டும். பிரியாணிக்குப் பழைய பாஸ்மதியா, பொங்கலுக்குப் புதிய பச்சரிசியா என்று தெரிந்திருக்க வேண்டும். நிறத்துக்குப் பியாடகி மிளகாய், காரத்துக்குக் குண்டூர் மிளகாய் என்ற பகுப்பு, அடுப்பில் எண்ணெய் காய்வதற்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு. இவற்றுள் ஒன்று தவறினாலும் பின்னால் எவ்வளவு திறமை காட்டினாலும் ஈடுசெய்வது அரிது.

இந்த அறிவு சொற்களில் தங்கியிருக்கிறது. பிஞ்சு, இளசு, முற்றல், வாடல், வெம்பல், சொத்தை, அழுகல் எனத் தமிழில் காய்கனியின் நிலைகளைக் குறிக்கத் தனிச்சொற்கள் உள்ளன. வெம்பல் வேறு, பழுத்தது வேறு. முதலாவது பருவம் வராமல் பழுத்துச் சுவை கெட்டது. வங்காளத்தில் 'கச்சி' என்ற சொல் இளங்காய்க்கும் இளநீருக்கும் இளம் ஆட்டுக்கறிக்கும் பொருந்தும். ஒவ்வோர் இந்திய மொழியிலும் இத்தகைய சொற்கூட்டம் உண்டு. போட்டி மேடையில் ஒலிப்பவையோ டெக்ஸ்சர், பேலன்ஸ், பிளேட்டிங் ஆகியவை. சுவைத்தபின் பேசும் மொழி நாளுக்கு நாள் நுட்பமாகிறது. தேர்ந்தெடுக்கும்போது பேசும் மொழிக்கு அங்கே வேலையே இல்லை. எல்லாமே முன்கூட்டித் தெரிந்தெடுக்கப்பட்ட இடத்தில் 'இது முற்றல்' என்று சொல்ல யாருக்கும் வாய்ப்பு நேராது. புழக்கமற்ற சொல்லை அடுத்த தலைமுறை எங்கிருந்து பெறும்?

சொல்லோடு விலையும் மறைகிறது. 2022–23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஊரகக் குடும்பங்களின் நுகர்வுச் செலவில் ஏறத்தாழ 46 விழுக்காடும் நகரக் குடும்பங்களில் 39 விழுக்காடும் உணவுக்கே போகின்றன. 2023 ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. மெக்டொனால்ட்ஸ் கூட வட, கிழக்கு இந்தியக் கிளைகள் பலவற்றில் தக்காளியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அம்மாதம் வீட்டில் சமைத்தவர்கள் புளியையும் மாங்காயையும் தயிரையும் கொண்டு புளிப்பைத் தேடினார்கள். வீட்டுச் சமையலின் நுண்ணறிவு வெளிப்படும் இடம் அதுவே: இல்லாததை உள்ளதால் ஈடுசெய்யும் இடம். விலையும் பருவமும் இல்லாத சரக்கறையில் அந்த அறிவைச் சோதிக்க வழியில்லை.

சரக்கறை நடுநிலையான இடமும் அன்று. அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை யாரோ முடிவு செய்கிறார்கள். மாஸ்டர்செஃப் இந்தியாவின் நான்காம் சீசன், 2015இல், முழுக்கச் சைவமாக நடத்தப்பட்டது. பெரும்பான்மையினர் புலால் உண்ணும் நாட்டில் அது ஒரு சரக்கறை முடிவு. 2023இல் பட்டம் வென்ற நயன்ஜோதி சைக்கியா அசாமின் தின்சுகியாவைச் சேர்ந்தவர். மூங்கில் குருத்தும் உவாத்தேக்கின் புளிப்புக் காயும் அசாமியச் சந்தைகளில் அன்றாடப் பொருள்கள். தேசியத் திரையிலோ அவை விளக்கவுரை வேண்டும் அரும்பொருள்களாகின்றன; அவகாடோவுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை.

போட்டியாளர்களைச் சந்தைக்கு அனுப்பினால் புதிய ஏற்றத்தாழ்வு பிறக்கும் என்ற எதிர்வாதம் கவனத்துக்குரியது. வங்காள நடுத்தரக் குடும்பங்களில் காலைச் சந்தைக்குப் பையோடு செல்வது மரபாக ஆணின் வேலை. வந்ததைச் சமைப்பது பெண்ணின் வேலை. வாழ்நாள் முழுதும் சமைத்தும் பணப்பையைத் தொட உரிமை பெறாத பெண்கள் இந்தியாவெங்கும் உள்ளனர். மாறாக, இம்பாலின் இமா கெய்தெல் சந்தையில் விற்பவர்கள் அனைவரும் பெண்கள். வாங்கும் சுற்று ஒன்று இருந்தால் இந்த வேறுபாடுகள் திரைக்கு வரும். சிலருக்கு அது பாதகமாகவும் அமையலாம். ஆனால் சரக்கறை அந்த ஏற்றத்தாழ்வைத் தீர்க்கவில்லை. பார்வையிலிருந்து அகற்றுகிறது, அவ்வளவே. சந்தைப் பழக்கம் குறைந்தவருக்கு ஒத்திகை நாள் ஒன்று கொடுப்பது போன்ற எளிய ஏற்பாடுகளால் பாதகத்தைக் குறைக்கலாம்.

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஒரு சீசனில் இரண்டு சுற்றுகள் போதும். தில்லியின் ஆசாத்பூருக்கோ சென்னையின் கோயம்பேட்டுக்கோ அழைத்துச் சென்று, நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள் உணவுக்கு ஏற்ற தொகையைக் கையில் கொடுக்கலாம். சமைப்பதற்கு முன் நடுவர்கள் கூடையைப் பார்த்து, ஏன் இதை எடுத்தார், எதை ஒதுக்கினார் என்று கேட்கலாம். அந்த விடைகளுக்கு மதிப்பெண் தரலாம். விடை அவரவர் மொழியில் வரட்டும்.

நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் செய்யும்வரை ஆய்வாளர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. 2010 முதலான இந்தி நிகழ்ச்சிகளும் 2021இல் சன் தொலைக்காட்சியில் வந்த தமிழ் வடிவமும் ஏராளமான மணிநேரப் பேச்சுத் தரவு. அவற்றில் பொருளின் தரம் பற்றிய பேச்சு எத்தனை நிமிடம், எந்தச் சொற்களில், யார் வாயிலிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்பதே ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பணி. அதே மாணவர் ஒரு வாரம் விடியலில் சந்தைக்குச் சென்று, வாங்குவோரும் விற்போரும் பேசுவதைப் பதிவு செய்து, இரு பட்டியல்களையும் அருகருகே வைக்கட்டும்.