மரபணு எங்கே வேலை செய்கிறது?

மரபணு மாற்றிய நெல், மக்காச்சோளம் பற்றிய பேச்சு நம்மிடையே ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. புகுத்திய மரபணு பயிரின் எந்தப் பாகத்தில் வேலை செய்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்த மரபணு செடியின் எல்லாச் செல்களிலும் இருக்கும். ஆனால் அதன் முன்னே இருக்கும் ‘ஊக்கி’ என்ற டி.என்.ஏ. துண்டு இடம் கொடுக்கும் திசுவில்தான் அது புரதத்தை உருவாக்கும். எடுத்துக்காட்டாக, நம் உடலில் வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் நெல்லின் இலையில் இயல்பாகவே உண்டு. நாம் சோறாக்கும் வெள்ளைக் கருவூணில் இல்லை. அதனால்தான் இங்கோ பொட்ரிகஸ், பீட்டர் பேயர் குழுவினர் 2000-இல் வெளியிட்ட, மணியிலேயே பீட்டா கரோட்டின் கொண்ட பொன்னரிசியில், டாஃபடில் செடியின் மரபணு ஒன்றை, கருவூணில் இயங்கும் குளூட்டலின் ஊக்கியோடு இணைத்தார்கள். கிராமுக்கு 1.6 மைக்ரோகிராம் கரோட்டினாய்டு கிடைத்தது. 2005-இல் டாஃபடிலுக்குப் பதிலாக மக்காச்சோள மரபணு வந்தது. அளவு கிராமுக்கு 37 மைக்ரோகிராம் வரை உயர்ந்தது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்க மக்காச்சோளமே சாட்சி. 1990-களில் சந்தைக்கு வந்த ‘ஈவென்ட் 176’, பூச்சியைக் கொல்லும் நச்சுப் புரதத்தை உருவாக்கும் பி.டி. ரகம். அதில் இரண்டு ஊக்கிகள் இருந்தன. ஒன்று பச்சைத் திசுவுக்கு, மற்றொன்று மகரந்தத்துக்கு. மனிதர் உண்ணும் மணியில் நச்சுப் புரதம் மிகக் குறைவு. ஆனால் காற்றில் பறந்து எருக்குக் குடும்பச் செடிகளின் இலைகளில் படியும் மகரந்தத்தில் அது மிகுதி; அந்த இலைகளைத் தின்றே மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது. இந்த மகரந்தம் மொனார்க்கைக் கொல்லுமோ என்று 1999-இல் எழுந்த அச்சத்தை அடுத்து நடந்த ஆய்வுகள் 2001-இல் வெளியாயின. மான் 810, பி.டி. 11 என்ற வேறு இரு பி.டி. ரகங்களின் மகரந்தத்தில் நச்சு மிகச் சொற்பம், 176-இன் மகரந்தம் மட்டும் புழுக்களைப் பாதித்தது என்று அவை காட்டின. அந்த ரகம் பின்னர் சந்தையிலிருந்து மறைந்தது. மூன்றுமே பி.டி. மக்காச்சோளம்தான். ‘பி.டி. நல்லதா கெட்டதா’ என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த வேறுபாடு நம் கண்ணில் பட்டிருக்காது.

எந்த ஊக்கியும் முழுப் பூட்டு அல்ல, சிறிதளவு கசியும் என்பது நியாயமான ஆட்சேபம். கசிவு உண்டா என்பதைவிட எவ்வளவு, அது யாரைத் தொடுகிறது என்பதுதான் முக்கியம். அதை ஒவ்வொரு திசுவிலும் அளக்க முடியும். இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. கருவூணில் மட்டும் இயங்கும் மரபணுவும் மகரந்தத்தில் ஏறிப் பக்கத்து வயலுக்கும் காட்டு நெல்லுக்கும் போகும். திசு சார்ந்த இயக்கம் இதைத் தடுக்காது. தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு வயல் இடைவெளி, விதைக் கண்காணிப்பு என்ற தனி ஏற்பாடுகள் தேவை. கீரையும் பப்பாளியும் இருக்கும்போது பொன்னரிசி எதற்கு என்பதும் கேட்கத்தக்கதே. அது வறுமையும் விநியோகமும் பற்றிய கேள்வி. பாதுகாப்பு மதிப்பீட்டோடு அதைக் குழப்பக் கூடாது.

பிலிப்பைன்ஸ் 2021-இல் பொன்னரிசிச் சாகுபடிக்கு அனுமதி தந்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிறுத்தியது. தரவு மக்கள் கையில் இல்லாத இடத்தில் அனுமதியும் தடையும் ஒரே அளவு சந்தேகத்தைக் கிளப்பும். இந்தியாவின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு ஒவ்வொரு தானியப் பயிருக்கும் வேர், இலை, மகரந்தம், தவிடு, கருவூண், வைக்கோல் என்று தனித்தனியாக அளந்த கணக்கை, அனுமதி தருவதற்கு முன்பே தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிட வேண்டும். வைக்கோலை மாடு தின்கிறது, தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கிறோம். அரிசியை மட்டும் சோதித்தால் போதாது.